விழுந்துகொண்டே இருக்கிறது, ஆனால் தரையில் விழுவதில்லை!

பேரையூர் கடைத்தெருவில் நின்று சுற்றிலும் உள்ள கூரைகளைப் பார்த்தால், டெலிவிஷன் 'டிஷ்'கள் வரிசையாகத் தெரியும். ஓட்டு வீடானாலும் சரி, மாடி வீடானாலும் சரி, அவை கிழக்குக்கும் தெற்குக்கும் நடுவே ஆகாயத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்கின்றன. ஒரு முறை திருகை முடுக்கி விட்டுப் போனால் போதும். டிஷ்ஷை அசைக்க வேண்டியதில்லை; படம் நிற்பதும் இல்லை.

அந்த டிஷ் பார்க்கும் திசையில், பூமிக்கு மேலே ஏறத்தாழ 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில், டன் கணக்கில் எடையுள்ள ஒரு துணைக்கோள் இருக்கிறது. அதைத் தாங்குவதற்குத் தூண் இல்லை. கட்டித் தொங்க விடக் கயிறு இல்லை. இரவு பகல் ஓடும் என்ஜினும் இல்லை. இருந்தும் அது கீழே விழவில்லை.

ஏன் விழவில்லை? படித்தவர்களைக் கேட்டாலும் பாதிப் பேர் தவறான பதிலையே சொல்லுவார்கள். ஆகாயத்துக்குத் துணைக்கோள் அனுப்பும் நாட்டில், அதுவும் பள்ளிப் பிள்ளைகளே துணைக்கோள் செய்யும் காலத்தில், இந்தக் கேள்விக்குச் சரியான விடை ஊர்தோறும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று தவறான பதில்கள்

"அவ்வளவு உயரத்தில் பூமியின் இழுப்பு சக்தி கிடையாது. அதனால்தான் விழவில்லை" என்பது முதல் பதில். இது தவறு. பூமியின் இழுப்பு ஓர் உயரத்தோடு பட்டென்று அறுந்து போவதல்ல. 350 கிலோமீட்டர் உயரத்தில்கூட, தரையில் உள்ள இழுப்பில் நூற்றில் 90 பங்கு அப்படியே இருக்கிறது. டிஷ் பார்க்கும் துணைக்கோளின் உயரத்தில் அது 44-ல் ஒரு பங்காகக் குறைகிறதே தவிர, இல்லாமல் போய்விடவில்லை. 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் சந்திரனையே பூமி தன் இழுப்பால்தான் பிடித்து வைத்திருக்கிறது.

"உள்ளே என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது" என்பது இரண்டாவது பதில். அதுவும் சரியல்ல. ராக்கெட் சில நிமிஷங்கள்தான் எரிகிறது. துணைக்கோளை உரிய இடத்தில், உரிய வேகத்தில் விட்டதோடு அதன் வேலை முடிந்தது.

"காற்று தாங்கிக்கொள்கிறது" என்பது மூன்றாவது பதில். இதுதான் மூன்றிலும் பெரிய தவறு. காற்று துணைக்கோளுக்கு நண்பன் அல்ல, பகைவன். காற்று உரசினால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் துணைக்கோள் கீழே இறங்கி எரிந்து போகும். காற்றை விட்டுத் தப்புவதற்காகத்தான் அவ்வளவு உயரம் போக வேண்டியிருக்கிறது.

உண்மை என்ன? துணைக்கோள் ஒவ்வொரு வினாடியும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால், விழுகிற விழுப்பில் அது தரையைத் தொடுவதே இல்லை!

ஒரு வினாடிக் கணக்கு

பேரையூருக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. அதன் உச்சியில் ஏறி, ஒரு கல்லை நேர் மட்டமாக வீசுவதாக வைத்துக்கொள்ளலாம். கல் சிறிது தூரம் போய்க் கீழே விழும். இன்னும் வேகமாக வீசினால் இன்னும் தள்ளி விழும். பீரங்கியால் சுட்டால் பல கிலோமீட்டர் தள்ளி விழும்.

பூமி தட்டையாக இருந்தால், எவ்வளவு வேகமாக வீசினாலும் கல் எங்கோ ஓரிடத்தில் விழுந்தே தீரும். ஆனால் பூமி உருண்டை. கல் முன்னே போகப் போக, அதன் அடியில் தரையும் வளைந்து கீழே இறங்குகிறது.

இங்கேதான் கணக்கு வருகிறது. மேலிருந்து விடும் எந்தப் பொருளும் முதல் வினாடியில் ஏறத்தாழ 5 மீட்டர் விழுகிறது. பூமியின் வளைவோ, 8 கிலோமீட்டர் தூரத்துக்கு 5 மீட்டர் கீழே இறங்குகிறது. ஆகவே, ஒரு கல் வினாடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தால், அது 5 மீட்டர் விழுவதற்குள் தரையும் 5 மீட்டர் இறங்கிவிடுகிறது. கல்லுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குறைவதே இல்லை. அடுத்த வினாடியும் அப்படியே. அதற்கடுத்த வினாடியும் அப்படியே. இப்படி விழுந்துகொண்டே கல் பூமியைச் சுற்றி வந்துவிடும்.

மலை உச்சியில் பீரங்கி வைத்து இந்த உண்மையை முதலில் விளக்கியவர் ஐசக் நியூட்டன். அவர் காலத்தில் ராக்கெட்டால் ஒரு துணைக்கோளை ஏற்றுவது கனவிலும் இல்லை. அவருடைய பெரிய நூல் 1687-ல் வெளிவந்தது. ரஷ்யாவின் ஸ்புட்னிக் 1957 அக்டோபர் 4-ந் தேதி மேலே போயிற்று. இடையில் 270 வருஷங்கள். கணக்கு முன்னாலே போயிற்று. யந்திரம் பின்னாலே வந்தது.

வினாடிக்கு 8 கிலோமீட்டர் என்பது எப்படிப்பட்ட வேகம்? திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பஸ்ஸில் அரை மணிக்கு மேல் ஆகும். தாழ்வாகப் பறக்கும் துணைக்கோளுக்கு 3 வினாடிகூட ஆகாது. பூமியை ஒரு சுற்றுச் சுற்ற அதற்கு ஒன்றரை மணி நேரம் போதும். ஒரு நாளைக்கு 15 அல்லது 16 சுற்று!

ராட்டினத்தில் கிடைக்கும் பாடம்

விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் மிதப்பதைப் படத்தில் பார்த்திருக்கிறோம். அங்கே இழுப்பு இல்லாததால் மிதக்கவில்லை. நிலையமும் விழுகிறது, உள்ளே இருப்பவரும் அதே வேகத்தில் விழுகிறார். இருவரும் சேர்ந்தே விழுவதால், ஒருவர் மேல் ஒருவர் பாரம் அழுந்துவதில்லை.

சித்திரைத் திருவிழாவில் பெரிய ராட்டினம் ஏறியவர்களுக்கு இது தெரியும். மேலிருந்து தொட்டில் சரேலென்று இறங்கும்போது வயிறு காலியானது போல் ஒரு கூச்சம் தோன்றுகிறது அல்லவா? ராட்டினத்தில் அது ஒரு கணம். விண்வெளி நிலையத்தில் அதுவே மாதக்கணக்கில்.

திருமங்கலம் மாணவிகளின் துணைக்கோள்

இந்தக் கணக்கு எவ்வளவு கறாரானது என்பதை மதுரை மாவட்டமே 2022-ல் நேரில் கண்டது.

சுதந்திரத்தின் 75-வது ஆண்டை ஒட்டி, நாடெங்கும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகளின் பங்கோடு ஒரு சிறு துணைக்கோள் உருவாயிற்று. அதன் பெயர் 'ஆசாதிசாட்'. எடை ஏறத்தாழ 8 கிலோ. சென்னையைச் சேர்ந்த 'ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா' அமைப்பு இந்த வேலையை நடத்தியது. பேரையூருக்குப் பக்கத்து ஊரான திருமங்கலத்தின் அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளி மாணவிகள் பத்துப் பேரும் இதில் பங்கு கொண்டார்கள்.

2022 ஆகஸ்டு 7-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி 18 நிமிஷத்துக்கு, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. என்ற புதிய சிறு ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பியது. அதில் இஸ்ரோவின் ஒரு துணைக்கோளும் இந்த ஆசாதிசாட்டும் இருந்தன. ராக்கெட்டின் மூன்று அடுக்குகளும் ஒழுங்காக எரிந்தன. திட்டமிட்ட உயரமான 356 கிலோமீட்டருக்குத் துணைக்கோள்கள் போய்ச் சேர்ந்தன. இரண்டும் ராக்கெட்டிலிருந்து பிரிந்தன.

இருந்தும் பயன் இல்லை! அவை கீழே இறங்கிவிட்டன.

காரணம் என்ன? இரண்டாவது அடுக்கு பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்ச்சி, வேகத்தை அளக்கும் கருவிகளைச் சிறிது நேரம் குலுக்கியது. கருவிகள் கெட்டுவிட்டன என்று ராக்கெட்டின் கம்ப்யூட்டர் முடிவு கட்டிவிட்டது. உண்மையில் அவை கெடவில்லை. ஆபத்துக் காலத்துக்கு என்று வைத்திருந்த மாற்று வழிக்குக் கம்ப்யூட்டர் மாறியது. அந்த வழியில், கடைசியாகச் சேர்க்க வேண்டிய வேகம் சேரவில்லை.

நூற்றில் ஒரு பங்கு

எவ்வளவு வேகம் குறைந்தது? 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வினாடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் வேகம் வேண்டும். குறைந்தது அதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான்!

பரீட்சையில் நூற்றுக்கு 99 மார்க்கு வாங்கினால் வீட்டில் பாயசம் வைப்பார்கள். ஆகாயத்தில் 99 போதவில்லை. வேகம் சற்றுக் குறைந்ததால், வட்டமாக இருக்க வேண்டிய பாதை முட்டை வடிவம் ஆயிற்று. ஒரு பக்கம் 356 கிலோமீட்டர். மறுபக்கம் 76 கிலோமீட்டர். அந்த மறுபக்கத்தில் காற்று காத்திருந்தது. பாதி உலகம் சுற்றி வருவதற்குள் துணைக்கோள்கள் அதில் சிக்கி வேகம் இழந்தன.

துணைக்கோளைக் காப்பது உயரம் அல்ல, பக்கவாட்டு வேகமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. உயரம் சரியாகவே இருந்தது. வேகம்தான் காலை வாரியது.

இஸ்ரோ காரணத்தை ஆராய்ந்து வெளியிட்டது. அடுக்கு பிரியும் முறை மாற்றப்பட்டது. 2023 பிப்ரவரி 10-ந் தேதி அதே வகை ராக்கெட் மீண்டும் கிளம்பியது. மாணவிகளின் இரண்டாவது துணைக்கோளான 'ஆசாதிசாட்-2' உள்படமூன்று துணைக்கோள்களை 450 கிலோமீட்டர் உயரத்தில் சரியான வேகத்தோடு விட்டது.

இது புதிய அனுபவமும் அல்ல. ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் தலைமை தாங்கிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டும் 1979 ஆகஸ்டில் முதல் முயற்சியில் தோற்றது. 1980 ஜூலை 18-ந் தேதி இரண்டாவது முயற்சியில், 35 கிலோ எடையுள்ள ரோகிணி துணைக்கோளை நிலைநிறுத்தியது. தோற்றதை மறைக்காமல் ஆராய்ந்ததால்தான் இரண்டு முறையும் வெற்றி கிட்டியது.

நகராத துணைக்கோள்

தாழ்வான துணைக்கோள் ஒன்றரை மணிக்கு ஒரு சுற்று ஓடுகிறது. அப்படியானால் பேரையூர் டிஷ் பார்க்கும் துணைக்கோள் மட்டும் எப்படி ஒரே இடத்தில் நிற்கிறது?

அது நிற்கவில்லை. அதுவும் வினாடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உயரம் கூடக் கூட பூமியின் இழுப்பு குறைகிறது; ஆகவே தேவையான வேகமும் குறைகிறது; சுற்ற வேண்டிய வட்டமோ பெரிதாகிறது. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமும் பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்றும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. பூமி திரும்பும் அளவுக்கே துணைக்கோளும் திரும்புகிறது. கீழே இருப்பவருக்கு அது நின்றது போல் தெரிகிறது. செக்கு மாட்டின் கூடவே நடப்பவனுக்கு மாடு பக்கத்திலேயே இருப்பது போல் இதுவும்.

அங்கேயும் தொல்லை இல்லாமல் இல்லை. சூரியனும் சந்திரனும் தங்கள் பங்குக்கு இழுக்கின்றன. துணைக்கோள் மெல்ல மெல்ல இடம் நகர்கிறது. சிறு சிறு என்ஜின்களைச் சற்று நேரம் எரித்து, அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கான எரிபொருள் தீர்ந்தால் துணைக்கோளின் ஆயுளும் தீர்ந்தது.

ஆயுள் முடிந்த துணைக்கோளை அங்கேயே போட்டுவிட்டால் மற்றவற்றுக்கு இடைஞ்சல். 2007-ல் போய், தமிழ்நாட்டு வீடுகளுக்கும் டெலிவிஷன் படம் அனுப்பிய இன்சாட்-4பி துணைக்கோள், 2022 ஜனவரியில் மிஞ்சிய எரிபொருளைக் கொண்டு இன்னும் மேலே தள்ளப்பட்டு ஓய்வு பெற்றது. தாழ்வான பாதைகளில் குப்பைத் தொல்லை இன்னும் அதிகம். அங்கே ஒரு திருகாணி மோதினாலும் துப்பாக்கிக் குண்டைவிடப் பலமடங்கு வேகத்தில் மோதும்.

ராக்கெட் எதற்கு?

"மழைக்கு ஏங்கும் மானாவாரி பூமிக்கு ராக்கெட் எதற்கு? அந்தப் பணத்தில் கண்மாயைத் தூர் வாரலாமே!" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. கண்மாய் தூர் வாரப்பட வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை.

ஆனால் 1964 டிசம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும். தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பிரயாணிகளோடு ஒரு ரயிலே கடலில் மூழ்கியது. புயல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மேலிருந்து இடைவிடாமல் பார்த்துச் சொல்ல அன்று இந்தியாவுக்கு ஒரு துணைக்கோள் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. அதுவும் உயிர்களைக் கொண்டுதான் போயிற்று. ஆனால் புயல் கரை ஏறும் முன்பே ஆயிரக்கணக்கான மக்கள் முகாம்களுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். புயலின் கண்ணை மணிக்கு மணி பார்க்க முடிந்ததே அதற்கு முக்கிய காரணம்.

இன்சாட்-3டிஆர் 2016-லும், இன்சாட்-3டிஎஸ் 2024-லும் மேலே போயின. ஐப்பசி மழைக்கு நிலத்தை உழுது வைத்துக் காத்திருக்கும் பேரையூர் விவசாயிக்கு, வங்கக் கடலில் மேகம் திரள்வதைப் படம் பிடித்துத் தருபவை இவைதான். விதைப்பதா, நாலு நாள் பொறுப்பதா என்று முடிவு செய்ய அது உதவுகிறது.

அடுத்தது குலசை

இனி இந்த விஷயம் தென் மாவட்டங்களுக்கு இன்னும் நெருங்கி வருகிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ந் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது.

குலசையைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதே வேகக் கணக்குதான் காரணம். வட, தென் துருவங்களுக்கு மேலாகச் சுற்ற வேண்டிய துணைக்கோளைத் தெற்கு நோக்கி விட வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவுக்குத் தெற்கே இலங்கை குறுக்கிடுகிறது. மனிதர் வாழும் நிலத்தின் மேல் ராக்கெட் பறக்கக் கூடாது. ஆகவே, ராக்கெட் முதலில் ஒதுங்கிப் போய், பிறகு தெற்கே திரும்ப வேண்டும். பெரிய ராக்கெட் இந்தச் சுற்று வழியைத் தாங்கும். எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறு ராக்கெட்டுக்கு, திரும்புவதிலேயே எரிபொருள் வீணாகிவிடும். சுமக்கும் எடை குறைந்துவிடும். குலசையிலிருந்து தெற்கே பார்த்தால் வெறும் கடல். நேராகப் போகலாம்.

என்ன செய்ய வேண்டும்?

பக்கத்திலேயே ராக்கெட் தளம் வருகிறது என்று பெருமைப்பட்டால் மட்டும் போதாது. அந்தத் தளத்தில் வேலைக்குப் போகும் தகுதியும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வர வேண்டும். வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களாக அவர்கள் நின்றுவிடக் கூடாது.

அதற்குக் கோடிக்கணக்கில் செலவு தேவை இல்லை. புவியீர்ப்பு பற்றிய பாடம் பிளஸ்-1 பௌதிகப் புத்தகத்திலேயே இருக்கிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைப்பதற்குப் பதில், கணக்கைப் போட வைக்க வேண்டும். இழுப்பின் அளவு 9.8, பூமியின் ஆரம் 64 லட்சம் மீட்டர். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், வினாடிக்கு 7,920 மீட்டர் என்ற விடை வருகிறது. துணைக்கோளின் வேகம் இதுதான் என்று ஒரு மாணவி தன் கையால் கண்டுபிடித்துவிட்டால், வாழ்நாளில் மறக்கமாட்டாள்.

சர்வதேச விண்வெளி நிலையம் பேரையூர் வானத்திலும் அவ்வப்போது கடந்து போகிறது. பொழுது சாய்ந்த பிறகோ, விடிவதற்கு முன்போ, பிரகாசமான நட்சத்திரம் போல் சில நிமிஷங்களில் ஆகாயத்தைக் கடந்துவிடும். எப்போது தெரியும் என்ற நேரப் பட்டியல் முன்கூட்டியே வெளியிடப்படுகிறது. பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை நிறுத்திக் காட்டுவதற்குத் தொலைநோக்கிகூட வேண்டாம். காட்டிவிட்டு, "அது ஏன் விழவில்லை?" என்று ஆசிரியர் கேட்க வேண்டும்.

மற்றொன்றும் முக்கியம். பள்ளிப் பிள்ளைகள் பங்கு கொள்ளும் துணைக்கோள் திட்டங்கள் இன்னும் பல வரும், வர வேண்டும். துணைக்கோள் கிளம்பும் நாளில் மாலை, மேடை, புகைப்படம் எல்லாம் உண்டு. அது தோற்றுப் போனால், ஏன் தோற்றது என்ற விவரம் அந்தப் பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழில் எழுதப்பட்டு, அவர்கள் வகுப்பறைக்கே போய்ச் சேர வேண்டும். "ராக்கெட் கெட்டுப் போச்சாம்" என்ற ஒரு வார்த்தையோடு விட்டுவிட்டால், பிள்ளைகள் ஏமாற்றத்தை மட்டுமே கற்றுக்கொள்வார்கள். "வேகம் நூற்றில் ஒரு பங்கு குறைந்தது, பாதை காற்றில் இறங்கியது, அடுத்த முறை இப்படித் திருத்தினார்கள்" என்று சொன்னால், அவர்கள் விஞ்ஞானத்தைக் கற்றுக்கொள்வார்கள்.

திருமங்கலம் மாணவிகள் பத்துப் பேரின் கை பட்ட வேலை ஆகாயம் வரை போயிற்று. பேரையூர், டி.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி அரசுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளும் அதற்குக் குறைந்தவர்கள் அல்ல. குலசையில் ராக்கெட்டுகள் கிளம்பத் தொடங்கும்போது, அவற்றின் வேகத்தைக் கணக்கிடும் மேஜைகளில் இந்த ஊர்ப் பெண்களும் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கான பாடத்தைக் கல்வித் துறையும் ஆசிரியர்களும் இந்த வருஷமே தொடங்க வேண்டும்.